கேக்குக்குக் கால் வைத்தவர்

மனிதர்களில் 'எல்லாம் மேலே இருக்கு' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தை எந்த ஊரிலும், எந்த ஆபீசிலும் பார்க்கலாம். ஆனால் கலப்படமில்லாத அசல் சரக்கு வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும். அதிலும் நோவி சாத் நகரத்தில், சந்தைக்குப் பின்னால், புரெக் அப்பம் சுடுகிற கடையின் மாடியில், எண்ணெய் வாசனைக்கு நடுவே ஒரு சின்னக் கூட்டம் உட்கார்ந்து விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறதே, அங்கே போனால் ராதிவோய் என்கிற திருவுருவத்தைத் தரிசித்துவிடலாம். காலை நேரத்தில் போனால் ஒரு கையில் அப்பமும் மறு கையில் தயிர்க் குவளையுமாகச் சேவை சாதிப்பார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உடம்பில் இருப்பது தாத்தாவின் கம்பளிக் கோட்டு. மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம். ஆதரிக்கிற கால்பந்துக் குழு, வழிவழியாக அந்தக் குடும்பம் ஆதரித்து, வழிவழியாகத் தோற்றுக்கொண்டிருக்கும் குழு. பல் வைத்தியர்களைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு, அது தாத்தாவுடையது. தாத்தாவுக்குப் பல்லே கிடையாது என்பது வேறு விஷயம். சொந்த ஊரில் பான்தேலிச் வீட்டாரோடு இவர் பேசுவதில்லை. என்ன சண்டை என்று ஒருமுறை ஆபீசில் கேட்டார்கள்.

"ஏதோ அக்ரூட் மர விவகாரம்."

"அந்த மரம் யாருது?"

"அதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். நான் பேசறதில்ல, அவ்வளவுதான்."

பார்த்தீர்களா? சண்டை அவரிடம் இருக்கிறது, காரணம் மேலே இருக்கிறது. இதுதான் இந்த இனத்தின் உயிர்நாடி.

இனி அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பயப்படாதீர்கள், வலிக்காது. இவர்கள் எழுதுகிற விளையாட்டு ஒரு கிராமத்துக் கல்யாணம். மணப்பெண்ணைப் பத்திரமாக மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். வழியில் மாமியார், குடிகார மாமா, பித்தளைக் குழல் ஊதுகிறவர்கள், அவிழ்த்துக்கொண்டு ஓடிய பன்றி என்று சகல இடைஞ்சல்களும் வரும். இத்தனை பேருக்கும் கால் வேண்டும், குரல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் கல்யாணம் முடிந்து பேரன் பிறந்துவிடுவான். அதனால் எல்லோருக்கும் பொதுவான உறுப்புகளை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டு, மற்றவர்களை அதன் வழிவந்தவர்கள் என்று அறிவித்துவிடுவார்கள். இதற்குத் தொழிலில் பேஸ் கிளாஸ் என்று பெயர். நாம் மூலவர் என்று வைத்துக்கொள்வோம். கோயிலில் மூலவர் ஒருவர்தானே. வீதி உலா போகிற உருவங்களெல்லாம் அவர் செல்வாக்கில்தானே போகின்றன.

இந்த விளையாட்டின் மூலவருக்கு 'விருந்தாளி' என்று பெயர். பிரதிஷ்டை செய்தவர் ராதிவோய். ஆரம்பத்தில் நியாயமாகத்தான் இருந்தார். விருந்தாளிக்குக் கால் கொடுத்தார், குரல் கொடுத்தார், சாப்பிட வயிறு கொடுத்தார், ராக்கியா உள்ளே போனால் ஏறுவதற்குப் போதையும் கொடுத்தார். யார் ஆட்சேபிக்க முடியும்? பிறகு கை நிற்கவில்லை. மீசை வைத்தார், ஏப்பம் வைத்தார், மழை வந்தால் முணுமுணுக்கிற சுபாவம் வைத்தார். கதவைத் தட்டினால் சத்தம் வரவேண்டும், சத்தம் மூலவரிடம் இருக்கிறது, ஆகவே கதவும் விருந்தாளியின் வழிவந்ததே என்று தீர்ப்பளித்தார். அன்றிலிருந்து கதவுக்கு வயிறு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுக்குப் போதை ஏறும். இரண்டு நாற்காலிகள் மழையில் முணுமுணுத்ததை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் தட்டிக் கேட்க அந்த ஆபீசில் ஒரே ஒரு பிறவிதான் உண்டு. சென்கா. பக்கத்து மேசை, இவருக்குச் சமமாக எழுதக்கூடியவள், இவரைவிட இரண்டு மடங்கு வேகமாக அலுத்துக்கொள்ளக்கூடியவள்.

"ராதிவோய், கல்யாணக் கேக்குக்கு எதுக்குக் கால்?"

"மேலே இருக்கு. அதுக்கும் வந்திருக்கு."

"அதான் ஏன்னு கேக்கறேன். கேக்கு எங்க நடந்து போகப்போவுது?"

"இன்னிக்கு நடக்கல. நாளைக்கு நடக்கணும்னா? நீ ராப்பகலா உக்காந்து கால் எழுதுவியா? இப்ப பாரு, ரெடியா இருக்கு."

"மீசையும் இருக்கே!"

"இருந்துட்டுப் போகட்டும். உன்கிட்டயா சோறு கேக்குது?"

இந்த வாதத்துக்குப் பதில் உண்டா? சென்காவிடம் இருந்தது. மூலவரை உடைக்கவேண்டும், காலைத் தனியாக, குரலைத் தனியாகப் பிரித்து, வேண்டியவர்களுக்கு வேண்டியதை மாட்டினால் போதும் என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். ராதிவோய் தயிரைக் குடித்து முடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, குடும்பத்தைப் பிரிக்கச் சொல்கிற மருமகளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அதோடு அந்த மாதம் முடியும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்டோபர் கடைசியில் முதலாளி காவ்ரிலோ ஒரு செய்தியோடு வந்தார். முதலாளி என்றால் பயந்துவிடாதீர்கள்; ராதிவோயோடு ஒரே பெஞ்சில் படித்தவர், நாற்காலி உடைந்தால் தானே ஆணி அடிப்பவர். செய்தி இதுதான்: விளையாட்டுகளை வாங்கி உலகம் முழுக்க வெளியிடுகிற கம்பெனி ஒன்றிலிருந்து மார்யெட்டா என்கிற அம்மணி லுப்லியானாவிலிருந்து வருகிறாள். பிடித்துப்போனால் கல்யாணம் ஊரறிய நடக்கும். பிடிக்காவிட்டால் ஆபீசை மூடிவிட்டு, கீழே அப்பக்கடையில் எல்லோரும் மாவு பிசையப் போகவேண்டியதுதான்.

"எப்ப வர்றாங்க?"

"எட்டாம் தேதி. அந்த ஒரு நாள்தான் அவங்களுக்கு ஒழியுமாம்."

"டேய், அன்னிக்கு மித்ரோவ்தான் திருநாள்! எங்க வீட்டு ஸ்லாவா!"

ஸ்லாவா என்பது குலதெய்வப் பூஜை மாதிரி. குடும்பத்துக்கு ஒரு புனிதர். அவருக்கு வருஷத்தில் ஒரு நாள். அப்பனுக்குப் பின் மகன் என்று வழிவழியாக வருவது. அன்றைக்கு வீட்டுக்காரன் வேலைக்குப் போகமாட்டான். பூகம்பம் வந்தாலும் போகமாட்டான். போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் ராதிவோயின் அப்பா ஷிவான், முட்டி வலி தாங்காமல், "இனிமே நீயே நடத்துடா" என்று ஸ்லாவாவை மகன் கையில் ஒப்படைத்திருந்தார். முதன்முதலாக ராதிவோயின் வீட்டில் மெழுகுவத்தி எரியப்போகிறது. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழ்க்கையில் இதுவரை வந்து சேர்ந்த சொத்துகளிலேயே பெரியது இதுதானே!

காவ்ரிலோ தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது.

"அப்ப அவங்களை உன் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன். சாப்பாடும் ஆச்சு, விளையாட்டும் ஆச்சு. டி.வி. பெருசுதானே?"

அம்மணிக்குக் காட்ட விளையாட்டில் இன்னும் ஓர் ஆள் குறைந்தது. கூம். கல்யாணத்தின் சாட்சிக்காரர், உறவுகளுக்கெல்லாம் மேலான உறவு. அவர் வந்து சேராமல் கல்யாண ஊர்வலம் ஓர் அடி நகராது. அவர் வந்தவுடன் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு, "கூம், உங்க பை தீப்பிடிச்சு எரியுது!" என்று கத்தும். அவர் பையிலிருந்து சில்லறையை வாரி இறைப்பார். சில்லறை விழுந்தால் விருந்தாளி என்று பேர் உள்ளவர்களெல்லாம் பொறுக்க ஓடவேண்டும். இதுதான் ஏற்பாடு.

"நான் எழுதறேன்," என்றாள் சென்கா.

"கூமை வேற யாரும் தொடக்கூடாது," என்றார் ராதிவோய்.

எழுதினார். அங்கேதான் வந்தது வினை.

மூலவருக்கு ஒரு காலைச் சடங்கு உண்டு. விளையாட்டு ஆரம்பித்துக் கண்விழித்தவுடன், 'என் கால் எங்கே, குரல் எங்கே, வயிறு எங்கே' என்று தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். வழிவந்தவர்களுக்கும் அதே சடங்கு தானாக நடந்துவிடும். ஆனால் வழிவந்த ஒருவன் தனக்கென்று ஒரு காலைச் சடங்கை எழுதிக்கொண்டால், அன்றோடு மூலவரின் சடங்கு அவனுக்கு நின்றுபோகும். இரண்டும் வேண்டுமானால், 'முதலில் மூலவர் செய்வதைச் செய்' என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதவேண்டும். ராதிவோயின் கூம் காலையில் எழுந்தவுடன் பையில் சில்லறை நிரப்பிக்கொள்கிறவர். ஆகவே அவருக்குத் தனிச் சடங்கு. அந்த ஒரு வரி? எழுதவில்லை. கம்ப்யூட்டர் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. அந்த ஆபீசில் மஞ்சள் எச்சரிக்கையைப் படிப்பவர் யாரும் இல்லை. அதற்குள் திரை முழுக்க மஞ்சள்காமாலை பிடித்திருந்தது.

"நடக்க வச்சுப் பாத்தீங்களா?" என்று சென்கா கேட்டாள்.

"பை நிறையுதான்னு பாத்தேன். நிறையுது."

"நடக்கிறாரா?"

"நடக்கிறது மேலே இருக்கும்மா! அதைப் போய்ச் சோதிக்கிறது எங்கப்பாகிட்ட அடையாள அட்டை கேக்கற மாதிரி."

எட்டாம் தேதி வந்தது. ராதிவோயின் மூன்றாம் மாடி வீட்டில் காலடி வைக்க இடமில்லை. வாசலில் தெசாங்கா, அவர் மனைவி, அக்ரூட் கலந்த அவித்த கோதுமைத் தட்டோடு நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி நீட்டினாள். உள்ளே பன்றி வறுவல், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, நடுவே பின்னல் வேலைப்பாட்டோடு ஸ்லாவா ரொட்டி, பக்கத்தில் எரியும் மெழுகுவத்தி. ஸ்லாவாவுக்கு இங்கே யாரையும் அழைப்பதில்லை. நாள் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். அழைத்தால்தான் அவமானம். வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக்கூடாது என்பது முறை. ராதிவோய் தாத்தாவின் கோட்டில் வேர்க்க விறுவிறுக்க நின்றார். உள்ளுக்குள் பெருமை பொங்கி வழிந்தது. ஒரு சின்ன உறுத்தல் மட்டும். ரொட்டியை அப்பாவும் மகனுமாகப் பிடித்துச் சுற்றி வெட்டவேண்டும். ஷிவானைக் காணோம்.

"எங்கடா உங்கப்பன்?" என்று சித்தப்பா கேட்டார். ரொட்டி வெட்டாமல் சாப்பாடு இல்லையே என்கிற கவலை அவருக்கு.

"வருவார். ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிட்டு விடுவாங்களா?"

அதற்குள் காவ்ரிலோ அம்மணியோடு வந்துவிட்டார். மார்யெட்டா கோதுமையைச் சாப்பிட்டாள், ராக்கியாவை மோந்து பார்த்தாள், "மணி ஆயிடுச்சு, ரயிலைப் பிடிக்கணும், முதல்ல விளையாட்டைப் பாத்துடலாமா?" என்றாள். சென்கா லேப்டாப்பை டி.வி.யில் மாட்டினாள். கூட்டம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தது. கல்யாண வீடு தெரிந்தது, குழல்கள் முழங்கின, மாமியார் முறைத்தாள், பன்றி ஓடியது. மார்யெட்டா புன்னகைத்தாள். காவ்ரிலோவுக்கு மூச்சு வந்தது. ஊர்வலம் வாசலில் வந்து கூமுக்காக நின்றது.

கூம் வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? வேலி ஓரத்தில் தோன்றினார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, சோளக்கொல்லைப் பொம்மையாக, அப்படியே நின்றார். குழந்தைகள் "பை எரியுது, பை எரியுது!" என்று கத்தின. மணப்பெண் காத்திருந்தாள். கூம் அசையவில்லை. திரையின் ஓரத்தில் 'கால் இல்லை' என்கிற பொருளில் சிவப்பு வரிகள் மளமளவென்று ஏறின.

"கூமுக்கு ஒரு சொட்டு ஊத்துங்கடா, நடப்பாரு!" என்றார் சித்தப்பா.

வீடே சிரித்தது. மார்யெட்டா சிரிக்கவில்லை. "இது விளையாட்டுல ஒரு பகுதியா?" என்று மெல்லக் கேட்டாள். காவ்ரிலோவின் முகம் வேகாத ரொட்டியைப்போல வெளுத்துப்போனது. ராதிவோய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"கால் இருக்கே! மேலே இருக்கே!"

"மேலே இருக்கு. இவர் எடுத்துக்கல," என்றாள் சென்கா, திரையைப் பார்த்தபடியே. "கூமுக்குன்னு தனியா ஒரு காலைச் சடங்கு எழுதியிருக்கீங்க. அதனால மூலவரோடது நடக்கவே இல்ல."

"அது தானா நடக்கும்."

"தானா நடக்காது. நீங்கதான் கூப்பிடணும்."

"மூலவரையே கூப்பிடணுமா? அவர் எப்பவும் இருக்கிறவர்தானே? அவர் வராம எங்க போவார்?"

வாசலிலிருந்து தெசாங்காவின் குரல் வந்தது. "ஏங்க, உங்கப்பாகிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா, இல்லையா?"

பன்றி வறுவலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ராதிவோயைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார். கூம் கைகளை விரித்துக்கொண்டு, எதுவுமே கிடைக்காத மனிதனைப்போல இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராதிவோய் போனை எடுத்தார்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கீழ. காருக்குள்ள."

எல்லாம் மேலே இருக்கிறது என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவரின் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு, மூன்று மாடிக்குக் கீழே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"உன் சித்தப்பன் வர்றதுக்கு முந்தியே."

"மேல வரவேண்டியதுதானே?"

"நீ கூப்பிட்டியா?"

"ஸ்லாவாவுக்கு யாருப்பா கூப்பிடறாங்க!"

"வாங்கிக்க வர்றவனைக் கூப்பிட வேண்டாம்டா. கொடுக்கிறவனைக் கூப்பிடணும். இதுகூட நான்தான் சொல்லணுமா?"

"வாங்கப்பா. நீங்க இல்லாம ரொட்டி அப்படியே கிடக்கு."

"வரேன். ஹீட்டர் போட்டு உக்காந்ததுல பேட்டரி போயிடுச்சு. அப்புறமா வண்டியைத் தள்ள நாலு பேரைப் பாத்து வை."

சென்கா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். வீட்டுக்காரன் உட்காரக்கூடாதே, நின்றபடியே, முதுகு வளைந்து, அந்த ஒரு வரியை ராதிவோய் தன் கையாலேயே அடித்தார். ஷிவான் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்தார். ரொட்டியை இருவரும் பிடித்துச் சுற்றினார்கள், ஒயின் ஊற்றினார்கள், வெட்டினார்கள். மகனின் கன்னத்தில் அப்பா முத்தமிட்டபோது ராதிவோயின் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

பிறகு விளையாட்டை மறுபடியும் போட்டார்கள். கூம் வந்தார்; இந்த முறை நடந்தே வந்தார். வீடு கைதட்டியது. பை எரிந்தது, சில்லறை பறந்தது. விருந்தாளி என்று பேர் உள்ளவர்களெல்லாம் பொறுக்க ஓடினார்கள். எல்லோரும் என்றால், எல்லோரும்! மாமியார் ஓடினாள், பன்றி ஓடியது, வயிற்றைத் தூக்கிக்கொண்டு கதவு ஓடியது, கடைசியில் மேசைமேல் மூன்றடுக்காக வீற்றிருந்த கல்யாணக் கேக்கு குதித்து இறங்கி, மீசை பறக்க, குட்டிக் கால்களால் குடுகுடுவென்று ஓடி, ஒரு காசைப் பொறுக்கிக்கொண்டு ஏப்பம் விட்டது.

மார்யெட்டா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வழிய, ரயிலை மறந்து சிரித்தாள்.

"அந்தக் கேக்குக்கு எதுக்குடா கால்?" என்றார் ஷிவான்.

"ஐயோ, அதை எடுத்துடாதீங்க!" என்று அம்மணி கத்தினாள். "அதுக்காகவே இந்த விளையாட்டை எடுத்துக்கறோம்!"

காவ்ரிலோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு ராதிவோயைக் கட்டிக்கொண்டார், பிறகு தவறிப்போய்ச் சித்தப்பாவையும் கட்டிக்கொண்டார். ராதிவோய் சென்காவைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. சென்கா ராக்கியாக் குவளையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். ஆபீஸ் பிழைத்தது, மூலவரை உடைக்கிற பேச்சு அன்றோடு செத்தது.

ராதிவோய் பாடம் கற்றுக்கொண்டாரா என்று கேட்பீர்கள். கற்றுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையே மூலவருக்கு ஒரு காரைக் கொடுத்தார், பேட்டரி தீர்ந்துபோன கார். இப்போது பன்றிக்கும் கார் உண்டு, கிணற்றுக்கும் கார் உண்டு.

"எதுக்கு?" என்றாள் சென்கா.

"மேலே இருக்கட்டும்," என்றார் அவர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்தபின் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பேசாத அந்தச் சித்தப்பா வீடு, வெள்ளிக்கிழமை தொடாத அந்தக் காய், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற அந்தக் கஷாயம், எந்த டாக்டரையும் நம்பாத அந்தப் பிடிவாதம், இவையெல்லாம் எப்படி உங்களிடம் வந்தன என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "எங்க வீட்ல அப்படித்தான்" என்று பதில் வந்தால், சத்தம் போடாமல் குனிந்து உங்கள் மேசைக்கு அடியில் பாருங்கள். கேக்குக்குக் கால் தெரியும். அப்படியே கீழே தெருவையும் எட்டிப் பாருங்கள். காருக்குள் யாராவது காத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்.